சொந்தக் கட்டுரையை மாணவர்களே பிரெஞ்சில் பெயர்க்கும் புராஜெக்ட்: திருத்தத்தை எங்கே தொடங்குவது?

முத்தியால்பேட்டை:
புதுச்சேரி, ஒன்பதாம் வகுப்பு, பிரெஞ்சு இரண்டாம் மொழி. தாங்கள் தமிழில் எழுதிய ஒரு பக்க அனுபவக் கட்டுரையை மாணவர்களே பிரெஞ்சில் பெயர்த்து, இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் பத்திரிகை போட வேண்டும். ஒரு மாணவியின் வரி: "பாட்டி வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, சாப்பிட்டு, மொட்டைமாடியில் படுத்தேன்." 'போய்', 'கழுவி', 'சாப்பிட்டு' மூன்றுக்கும் 'ஆன்' போட்டு ழெரோந்திஃப் ('-கொண்டே' என்ற பொருள் தரும் பிரெஞ்சு வினைவடிவம்) ஆக்கியிருக்கிறாள். இலக்கணம் தெரிந்த பிள்ளைதான். பாதி வகுப்பு இப்படித்தான் எழுதுகிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

சுண்ணாம்பாறு:
கோளாறு தமிழ் எச்சத்தில் இருக்கிறது. எத்தனை வேலையையும் நாம் ஒரே முற்றுவினையில் கட்டிவிடுவோம். ஒன்றன்பின் ஒன்று என்பது தானாகப் புரியும். 'ஆன் மான்ழான்' என்றால் 'சாப்பிட்டுக்கொண்டே'. வாயில் சோற்றோடு படுத்ததாகத்தான் பிரெஞ்சுக்காரர் நினைப்பார்.

பிரெஞ்சைத் தொடும் முன் தமிழிலேயே உடைக்கச் சொல்லுங்கள்: "பாட்டி வீட்டுக்குப் போனேன். கை கால் கழுவினேன். சாப்பிட்டபின் மொட்டைமாடியில் படுத்தேன்." இது நேராக இறங்கும். 'சாப்பிட்டபின்' மட்டும் 'அப்ரே அவுவார் மான்ழே' ('அப்ரே' என்றால் 'பிறகு'). எல்லா எச்சத்துக்கும் 'அப்ரே' போட்டால் அலுத்துவிடும். பத்திக்கு ஒன்று போதும்.

பிறகு இரண்டு கலர் பேனா. சம்பவ வினைக்கு ஒரு கலர், பின்னணி வினைக்கு இன்னொன்று. "மழை பெய்தது, யாரோ கதவைத் தட்டினார்கள்": தமிழில் இரண்டும் ஒரே இறந்தகாலம். பிரெஞ்சில் மழை அம்பார்ஃபே (பின்னணிக்கான இறந்தகாலம்), தட்டியது பாசே கொம்போசே (சம்பவத்துக்கான இறந்தகாலம்). இதையும் தமிழ்ப் பிரதியிலேயே முடித்துவிட வேண்டும்.

இலக்கணப்பூனை:
மேலே உள்ளது சரி, ஆனால் அந்த வரியில் இன்னொரு பொறி இருக்கிறது. 'போனேன்', 'படுத்தேன்' என்பதில் ஆணா பெண்ணா தெரியாது. பிரெஞ்சில் எழுதுபவள் பெண் என்றால் 'ழ ஸ்வீ அலே' (போனேன்), 'ழ ம ஸ்வீ குஷே' (படுத்தேன்) இரண்டின் கடைசியிலும் கூடுதலாக ஒரு ஈ (e) எழுத்து. காதில் விழாது, அதனால்தான் விட்டுப்போகும். 'கை கழுவினேன்' (ழ ம ஸ்வீ லவே லே மேன்) என்பதற்கு மட்டும் ஈ கிடையாது, ஏனென்றால் செயப்படுபொருளான 'கை' வினைக்குப் பின்னால் வருகிறது. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள்.

'அவர் வந்தார்' என்றால் ஆணா பெண்ணா என்று எழுதியவரையே கேட்டு 'இல்' (அவன்) அல்லது 'எல்' (அவள்) போட வேண்டும். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாம் 'தான்த்'தான். கதைக்கு உறவு முக்கியம் என்றால் முதல் தடவை 'அப்பாவின் அக்கா' என்று விரித்துவிட்டு, பிறகு 'தான்த்'. பாட்டியை 'நீங்க' என்பதற்கு மரியாதைச் சொல்லான 'வூ' போடலாமா? இன்று பெரும்பாலான பிரெஞ்சு வீடுகளில் பாட்டிக்கும் 'த்யு' (நீ) தான். ஆனால் இது நம் வீட்டுக் கதை. நான் 'வூ' கட்சி.

ரெண்டாம்மொழி:
மொழிபெயர்க்கிற போன் ஆப்பை ஒரேயடியாகத் தடுத்தால் ஒளிஞ்சு செய்வாங்க. முழு வரி கூடாது, சொல் மட்டும்னு வைங்க. பெயர்ச்சொல் எடுத்தா அது ஆண்பாலா பெண்பாலான்னு காட்டுற 'அன்' அல்லது 'யூன்' சேர்த்தே நோட்டில் எழுதணும்.

ஆங்கிலம் வழியா யோசிக்கிறதுதான் ஆப்பைவிடப் பெரிய தொல்லை. 'எனக்கு 14 வயசு', 'எனக்குப் பசிக்குது', 'எனக்குப் பயமா இருக்கு' மூணுக்கும் பிரெஞ்சில் 'அவுவார்' வினை (ஆங்கில 'have' மாதிரி), அதாவது 'ழே'. ஆங்கிலத்தை நினைச்சா 'ழ ஸ்வீ' ('I am') வந்து நிக்கும். தமிழ் 'எனக்கு'தான் இங்கே நல்ல வழிகாட்டி. ('பிடிக்கும்', 'தெரியும்', 'வேணும்' இதில் சேராது.)

கடைசியா, கட்டுரையைப் பார்க்காத ஒரு மாணவர் பிரெஞ்சை மட்டும் படிச்சுத் தமிழில் சொல்லட்டும். அவர் தடுமாறுற இடத்தைத் திருத்தினா போதும்.

முத்தியால்பேட்டை:
நன்றி. இன்னொன்று: 'மாடிப்படி ஏறினாள்' என்பதற்கு 'எல் எ மோந்தே' என்று இருந்ததை 'எல் ஆ மோந்தே லெஸ்காலியே' என்று மாற்றினேன். 'மோந்தே' எத்ர் பட்டியலில் (பாசே கொம்போசேயில் அவுவாருக்குப் பதில் 'எத்ர்' துணைவினை எடுக்கும் வினைகள்) இருக்கிறதே என்று வகுப்பில் கேட்கிறார்கள்.

இலக்கணப்பூனை:
நீங்கள் மாற்றியது சரி. 'மாடிக்கு ஏறினாள்' என்றால் எத்ர். படிக்கட்டு நேரடிச் செயப்படுபொருளாக வந்துவிட்டால் அவுவார், கூடுதல் ஈ-யும் போய்விடும். 'சோர்த்தீர்' அப்படியே: 'வெளியே போனாள்' எத்ர், 'பையிலிருந்து நோட்டை எடுத்தாள்' அவுவார்.