அம்பாசடர் 1489 பெட்ரோல்: ஹெட் வேலை பார்த்தபிறகு டக் டக் சத்தம்

காரைக்குடி_அம்பி:
அப்பா வச்சிருந்த 1984 அம்பாசடர். போன மாசம் ஹெட் (எஞ்சினோட மேல்பகுதி, வால்வெல்லாம் இதுலதான்) இறக்கி, வால்வ் சீட் அறுத்து, வால்வ் தண்டு ஓடுற கைடு நாலு மாத்தினோம். வண்டி நல்லா இழுக்குது, ஆனா ஐடிலிங்ல டக் டக்னு அடிக்குது. டாப்பெட் (வால்வ் தண்டுக்கும் அதை அமுக்குற ராக்கர் கைக்கும் நடுவுல விடுற இடைவெளி) மூணு தடவை வச்சாச்சு, 15 தவு (அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சா 15 பங்கு), அளக்குற தகடு கேஜ் சரியாத்தான் உரசிக்கிட்டு வருது. கவரைக் கழட்டிப் பார்த்தா முன்னாடியிருந்து ஆறாவது ராக்கரோட மூக்கு வால்வ் தண்டு நடுவுல உட்காராம ஓரமா உட்காருது. லேத்காரர் கைடு சாஞ்சிருச்சு, ஹெட்டையே மாத்துன்னு சொல்றார். மாத்தணுமா?

நாலுசக்கரம்:
கெட்டி ஆயில் ஊத்திப் பாருங்க ப்ரோ, எனக்கு சத்தம் கொறஞ்சது.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, ஆயில் மாத்தினா சத்தம் ஒளிஞ்சுக்கும், தேய்மானம் நிக்காது. ஹெட்டையும் இப்ப தொடாத. உன் வண்டியில ரெண்டு கோளாறு சேர்ந்து இருக்குற மாதிரி தெரியுது.

கேஜ் சரியா இருந்தும் அடிக்குதுன்னா ராக்கர் மூக்குல குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் குழிக்கு மேல பாலம் மாதிரி நிக்கும், வால்வ் தண்டு குழிக்குள்ள போயிடும். நீ 15 வச்சாலும் உள்ள அதைவிட அதிகம். நகத்தால தடவிப் பாரு, தட்டுப்படும்.

ஓரமா உட்காருறது வேற கதை. ராக்கரை பக்கவாட்டுல இடம் பிடிச்சு வைக்கிறது ஒரு பக்கம் ஸ்பிரிங், ஒரு பக்கம் ராக்கர் ஷாஃப்டைத் தாங்குற பெடஸ்டல். திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங், வாஷர் இடம் மாறியிருந்தா போச்சு. ராக்கரெல்லாம் கோத்திருக்குற ஷாஃப்டை வெளிய எடுத்து அடிப்பக்கத்தைப் பாரு. மேல பளபளன்னு இருக்கும், தேயிறது அடியிலதான். ராக்கர் துளைக்குள்ள இருக்குற புஷ் தேஞ்சு ஆடினாலும் ராக்கர் சாயும். ராக்கரைக் கீழேயிருந்து தள்ளுற புஷ்ராடு கம்பிகளை கண்ணாடி மேல உருட்டிடு, வளைஞ்சது துள்ளும்.

ஒண்ணு முக்கியம். ராக்கர் பெடஸ்டல் நட்டுகள்ல நாலு நட்டு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்குது. அதை மட்டும் லூஸ் பண்ணினா ஹெட் கோணிக்கும். தண்ணியை இறக்கிட்டு ஹெட் நட்டு எல்லாத்தையும் வரிசையா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணு. இதுல அவசரப்பட்டு ஒரு கேஸ்கெட்டைக் காவு குடுத்தவன் நான்.

காரைக்குடி_அம்பி:
அண்ணே, ஷாஃப்டு அடியில ஆறாவது இடத்துல படி மாதிரி தேஞ்சிருக்கு. மூக்குல குழியும் இருக்கு. ஒரு வாஷர் ஆணி டப்பாவுல கெடந்துச்சு! புது ஷாஃப்டு, புஷ் போட்டு வாஷரையும் மாட்டியாச்சு. மூக்கை லேத்துல தேய்ச்சுக் குடுத்துட்டாங்க. இப்ப நடுவுல உட்காருது.

பழைய_ஸ்பேனர்:
நல்லது. டாப்பெட்டை குளிர்ந்த எஞ்சின்ல ஒன்பது கணக்குல வை, அதாவது திறந்திருக்குற வால்வ் நம்பரையும் நீ வைக்கிற வால்வ் நம்பரையும் கூட்டினா ஒன்பது வரணும்: எட்டாவது வால்வ் முழுசா திறந்திருக்கும்போது ஒண்ணு, ஆறாவது திறந்திருந்தா மூணு. 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஹெட் நட்டு இறுக்கி, மறுபடி 15 பாரு. லேசா டிக் டிக்னா விட்டுடு. சத்தமே இல்லேன்னா உடனே கவரைத் திற, இடைவெளி இறுகியிருக்கும், எக்ஸாஸ்ட் வால்வ் கருகிடும்.