மிஸ்டரி பாக்ஸ் வாங்கி ஏமாந்தேன், திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா?

ஓட்டைச்சட்டி:
ஒரு ஆன்லைன் கடையில் ‘எலக்ட்ரானிக்ஸ் மிஸ்டரி பாக்ஸ்’ என்று போட்டிருந்தார்கள். படத்தில் ட்ரோன், ஹெட்போன், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் பெட்டிக்குள் கொள்ளாமல் வெளியே வழிந்துகொண்டிருந்தன. கீழே ‘கொடுக்கும் பணத்தைப் போல மூன்று மடங்கு மதிப்பு உறுதி’ என்று கொட்டை எழுத்தில். ஒரு கேபிள் வாங்கவே நாற்பது ரிவ்யூ படிக்கிற ஆள் நான், அன்று ராத்திரி என்ன பிடித்து ஆட்டியதோ, இரண்டு நிமிடத்தில் ஆர்டர் போட்டுவிட்டேன்.

வந்தது இதுதான்: என்னிடம் இல்லாத போனுக்கு இரண்டு கவர், ஒரு மைக்ரோ யூஎஸ்பி கேபிள், 3.5 எம்எம் ஜாக்கில் செருகும் செல்ஃபி ஸ்டிக் (என் போனில் அந்த ஓட்டையே கிடையாது), பெயர் தெரியாத ஒரு வாட்ச், ஒரு பவர் பேங்க். கூடவே ஒரு சீட்டு. அதில் ஒவ்வொன்றுக்கும் அவர்களே ஒரு விலை போட்டுக் கூட்டியிருக்கிறார்கள், சரியாக மூன்று மடங்கு வருகிறது! கேட்டால் ‘மிஸ்டரி பாக்ஸ் என்றால் அப்படித்தான், ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள். இது மோசடியா, என் பேராசைக்குக் கூலியா?

கிடங்குவாசி:
கொஞ்ச காலம் ஆன்லைன் சரக்குக் கிடங்கு ஒன்றில் ரிட்டர்ன் பிரிவில் இருந்தேன், அதனால் சொல்கிறேன். உங்களுக்குத்தான் அது மிஸ்டரி, கட்டி அனுப்புகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். ஒரு போன் மாடல் சந்தையை விட்டுப் போனதும் அதன் கவர்கள் செத்த சரக்கு. அலமாரியில் வைத்திருந்தால் இடத்துக்குச் செலவு, அழிப்பதற்கும் செலவு, தனியாகப் போட்டால் யாரும் சீந்த மாட்டார்கள். ஒரு பெட்டியில் போட்டு மேலே கேள்விக்குறி அச்சடித்தால் அதே குப்பைக்கு ஆள் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறான். அந்தச் சீட்டில் இருக்கும் விலை, அந்தப் பொருள் என்றைக்கும் விற்காத விலை. கவரில் அச்சடித்த அதிகபட்ச விலையை அப்படியே எடுத்துக் கூட்டினால் மூன்று என்ன, ஐந்து மடங்கே காட்டலாம்.

கூட்டல்கழித்தல்:
பேராசை என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். எப்போது பரிசு வரும் என்று தெரியாமல் இருந்தால்தான் புறா விடாமல் பொத்தானைக் கொத்தும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் எழுபது வருடங்களுக்கு முன்பே காட்டிவிட்டார், சூதாட்ட இயந்திரமும் இதே விதியில்தான் ஓடுகிறது. சும்மா ஒரு கணக்குக்கு, 1000 பெட்டியில் ஒன்றில் மட்டும் ட்ரோன் என்று வையுங்கள். ட்ரோன் பெட்டி விலையைப் போல 50 மடங்கு என்றாலும், உங்கள் பெட்டிக்கு அதன் பங்கு விலையில் இருபதில் ஒரு பாகம்தான். மீதி எல்லாம் கவரும் கேபிளும். ஆனால் படத்தில் ட்ரோன்தான் வரும், அன்பாக்ஸிங் வீடியோவிலும் ட்ரோன்தான் வரும். அந்த வீடியோக்காரருக்குப் பெட்டி யார் கொடுத்தது என்று பார்த்தீர்களா? இதற்காகத்தான் சீனாவில் 2023இல் பிளைண்ட் பாக்ஸுக்கு (அங்கே மிஸ்டரி பாக்ஸுக்கு அதுதான் பெயர்) வழிகாட்டு விதிகள் போட்டு, எந்தப் பொருள் எந்த விகிதத்தில் வரும் என்று விற்பவர் சொல்ல வேண்டும், 8 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்றார்கள்.

ரசீதுப்பை:
தத்துவம் இருக்கட்டும், முதலில் அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். உங்களுக்குப் பிடி ‘மூன்று மடங்கு’ என்ற வாக்குறுதிதான். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, ‘விளம்பரத்தில் சொன்னபடி இல்லை’ என்று எழுதுங்கள், அதே பொருட்கள் வேறு கடைகளில் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்பதையும் இணையுங்கள். மசியவில்லை என்றால், கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது) கேட்கலாம், அதற்குக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களை 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், கடைக்காரர் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று எழுதி வைத்தாலும்.

அப்புறம் இன்னொன்று. அந்த வாட்சுடன் ஒரு க்யூஆர் கோடு வந்திருக்குமே? ஆப் ஸ்டோருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய் ஆப்பை இறக்கச் சொன்னால் செய்யாதீர்கள். பெயர் தெரியாத பவர் பேங்கைத் தலைமாட்டில் வைத்து சார்ஜ் போடவும் வேண்டாம்.

பக்கம்மடிப்பான்:
எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். ஒரு சின்னப் பழைய புத்தக விற்பனையாளரிடம் நான் வருடக்கணக்காக ‘ரகசியப் பொதி’ வாங்குகிறேன். எந்த வகை பிடிக்கும், எதை ஏற்கெனவே படித்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுவார். இந்த வியாபாரத்துக்கு மூத்தது ஜப்பானியக் கடைகள் புத்தாண்டுக்கு விற்கும் ஃபுகுபுகுரோ பை, அங்கேகூட இப்போது பல கடைகள் உள்ளே இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. உங்கள் போன் மாடலைக்கூடக் கேட்காமல் கவர் அனுப்புகிறவன் ஆச்சரியம் தரவில்லை, கிடங்கைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறான்.

ஓட்டைச்சட்டி:
எல்லோருக்கும் நன்றி. வாட்சில் க்யூஆர் கோடு இருக்கிறது, நேற்றே ஸ்கேன் செய்துவிட்டேன், நல்லவேளை அந்தப் பக்கமே திறக்கவில்லை. ரசீதுப்பை சொன்னபடி எழுதியதும் தொனி மாறிவிட்டது, ‘வருத்தம் தெரிவிக்கிறோம்’ என்று ஒரு கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். பாதி விலைக்கு இன்னொரு மிஸ்டரி பாக்ஸ் வாங்கிக்கொள்ளலாமாம். வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று பதில் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கூப்பன் என்றைக்குக் காலாவதி ஆகிறது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.