இண்டர்கூலருக்குத் தமிழ்ப் பேர்: ‘வளியாற்றி’ சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம வண்டிக் கலைச்சொல் பட்டியல்ல இண்டர்கூலருக்கு நேரா இருக்கற கட்டம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. இதுவரைக்கும் வந்த பரிந்துரை ‘இடைக்குளிரூட்டி’, ‘இடைக்குளிர்விப்பான்’, ‘ஊடுகுளிர்ப்பி’. மூணுமே எனக்கு ஒப்பல. இங்க குன்னூர்ல ஒரு பழைய டர்போ டீசல் காருக்கு, கம்பெனியில இருந்து வர்றப்பவே இண்டர்கூலர் இல்லாத வண்டி அது, வெளிய வாங்கின இண்டர்கூலரை வீட்டு வாசல்ல வெச்சே மாட்டிக்கிட்டிருக்கேன், அதுக்கு முழுசா தமிழ்ல ஒரு செய்முறைக் குறிப்பு எழுதிடணும்னு இருக்கேன், அதனால இந்தப் பேரு எனக்கு இப்பவே வேணும்.

அந்தச் சாமான் என்ன வேலை பாக்குதுன்னு மொதல்ல பாத்துடலாம். டர்போ காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளுது, அமுக்குன காத்து சூடாகுது, சூடான காத்து விரிஞ்சு போறதால அதே எடத்துக்குள்ள கம்மியான காத்துதான் அடங்கும், அந்தச் சூட்டை வழியில எறக்கி விடறதுதான் இண்டர்கூலர். இது தெரிஞ்ச கதைதான். ஆனா நீலகிரியில இருக்கறவங்க பாதிப் பேரு “நம்ம ஊரே குளிரு, இங்க எதுக்குங்க கூலரு”ன்னு கேக்கறாங்க. கணக்குப் போட்டா வேற மாதிரி வருது. ஊட்டி கிட்டத்தட்ட 2240 மீட்டர் உசரம், அங்க காத்தழுத்தம் 0.77 பார் சுமார்தான். டர்போ 1 பார் பூஸ்ட், அதாவது வெளிக்காத்தழுத்தத்துக்கு மேல கூடுதலா 1 பார் அழுத்தம், குடுக்குதுன்னு வெச்சுக்குவோம், டர்போவுல காத்தை அமுக்கற பாகமான கம்ப்ரசரோட திறன் 70 சதவீதம்னு எடுத்துக்குவோம். மலையடிவாரத்துல இருக்கற மேட்டுப்பாளையத்துல 32 டிகிரி காத்தை இழுத்தா டர்போ வாயில வெளிய வர்றது சுமாரா 130 டிகிரி. ஊட்டியில 15 டிகிரி காத்தை இழுத்தா 125 டிகிரி சொச்சம். உள்ள போறப்ப 17 டிகிரி வித்தியாசம் இருந்தது வெளிய வர்றப்ப அஞ்சு டிகிரிக்குள்ள சுருங்கிப் போகுது, ஏன்னா மேல காத்து லேசு, அதே 1 பாரை ஏத்த கீழ ரெண்டு மடங்கு அமுக்கினாப் போதும், ஊட்டியில 2.3 மடங்கு அமுக்கணும். மலை குடுக்கற குளிரை மலையோட உசரமே திருப்பி எடுத்துக்குது. அதுவும் ஊட்டிக்கு ஏறுற கல்லட்டி மலைப்பாதையில 36 கொண்டை ஊசி வளைவையும் ரெண்டாவது கியர்ல ஏறுறப்ப, பாரம் முழுசா இருக்கும், வேகம் இருக்காது, எதிர்காத்தும் வராது. இண்டர்கூலரோட அருமை அங்கதான் தெரியும்.

இப்ப பேருக்கு வர்றேன். அந்த 125 டிகிரி காத்து இண்டர்கூலரைத் தாண்டி வெளிய வர்றப்ப எத்தனை இருக்கும்? நல்லா மாட்டியிருந்தா 40, 45 டிகிரி இருக்கலாம். இதைக் குளிர்ந்த காத்துன்னு யாராச்சும் சொல்வோமா? இது ஆறுன காத்து. குளிரூட்டின்னு சொன்னா ஏசி ஞாபகம்தான் வரும், ஏசி வெளிக்காத்தை விடக் கீழ எறக்கும், அதுக்குள்ள கேஸ் இருக்கு, கம்ப்ரசர் இருக்கு. இண்டர்கூலர்ல எந்தக் கேஸும் கிடையாது, சும்மா அலுமினியக் குழாயும், சூட்டை வெளிய விடற மெல்லிசுத் தகடான ஃபின்னும்தான், எவ்வளவு பெருசா மாட்டினாலும் வெளிக்காத்தோட சூட்டுக்குக் கீழ ஒரு டிகிரி கூட எறக்காது. ‘இடைக்குளிரூட்டி’ன்னு நான் சொன்ன உடனே பக்கத்து வீட்டுக்காரர் “வருசா வருசம் கேஸ் ஏத்தணுமா”ன்னு கேட்டார். அவர் மேல தப்பில்ல, அந்தப் பேரு அவரை அங்கதான் கூட்டிட்டுப் போகுது.

தமிழ்ல இந்த வேலைக்குன்னே ஒரு வினை இருக்குங்க. ஆத்துறது. டீ கொதிக்கக் கொதிக்க இருந்தா ரெண்டு டம்ளர்ல மாத்தி ஆத்துறோம், அது ஜில்லுன்னு ஆகறதுக்கு இல்ல, குடிக்கற பதத்துக்கு வர்றதுக்கு. சூட்டைச் சுத்தியிருக்கற காத்துக்குக் குடுத்து அளவா எறக்கறது. இண்டர்கூலர் பண்றது அச்சா அதேதான். எழுத்துல ஆற்று, ஆற்றி. வளியை ஆற்றுவது வளியாற்றி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது குடும்பமே வந்துடுது. ரேடியேட்டர் என்ஜின் தண்ணியை ஆத்துது, நீராற்றி. ஆயில் கூலர் எண்ணெயாற்றி. இஜிஆர் கூலர்னு ஒண்ணு இருக்கே, புகையைத் திரும்ப உள்ள விடறதுக்கு முன்னாடி சூடு எறக்கறது, அது புகையாற்றி. வண்டி மூக்கைத் திறந்து வெச்சு ஒரு பையனுக்குக் காட்டினா நாலு பேரையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, எது எதை ஆத்துதுன்னு பேர்லயே இருக்கு.

உங்க கருத்தை எழுதுங்க.

– குன்னூர்

⁂

ஐயா,

கொடைக்கானல்ல இருந்து எழுதறேன். பள்ளிக்கூடத்துல தமிழ் சொல்லிக் குடுத்தவன்ங்கிற முறையில ரெண்டு தடை சொல்லணும்.

ஒண்ணு, வளியாற்றியை வாயால சொன்னா வலியாற்றின்னு காதுல விழும். தைலக் குப்பி மேல ஒட்டற பேரு மாதிரி ஆயிடும். லகர ளகரத்தைப் பிரிச்சுச் சொல்ற பிள்ளைங்க குறைஞ்சுக்கிட்டே வர்ற காலத்துல இதை அலட்சியமா விட முடியாது. காற்றாற்றின்னு வெச்சாலோ நாக்கு சுளுக்கிக்கும்.

ரெண்டாவது, ‘இடை’ங்கிறதை நீங்க ஒரேயடியாத் தள்ளிட்டீங்க. நான் விசாரிச்ச வரைக்கும் அதுல ஒரு நியாயம் இருக்கு. டர்போ ஒரு தரம் காத்தை அமுக்குது, அப்புறம் சிலிண்டருக்குள்ள பிஸ்டன் இன்னொரு தரம் அமுக்குது. ரெண்டு அமுக்கத்துக்கும் இடையில ஆத்துறதால இடை. பேர் வெச்சவங்க யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க.

‘ஆற்றி’ மட்டும் அருமையான பிடிப்பு. அதை விட்டுடாதீங்க. ‘இடையாற்றி’ன்னு வெச்சா என்ன?

⁂

அண்ணா வணக்கம், கூடலூர் பட்டறையில இருந்து,

பட்டறையில நாங்க என்ன பேர் வெச்சாலும் இண்டர்கூலர்னுதான் கூப்பிடுவோம், அது மாறாது, ஆனா எழுத்துக்கு வேணும்னு நீங்க சொல்றது புரியுது, பாலிடெக்னிக் பசங்க தமிழ்ல பரீட்சை எழுதறப்ப ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு எழுதி வெக்கறான். எனக்கு இடையாற்றி வேண்டாம். ஏன்னா அசலான இடை வேற எடத்துல இருக்கு. டயர் கடையில ரெண்டு ஸ்டேஜ் ஏர் கம்ப்ரசர் பாத்திருப்பீங்க, பெரிய சிலிண்டர்ல அமுக்கி, ஃபின் வெச்ச ஒரு குழாய் வழியா வந்து சின்ன சிலிண்டர்ல மறுபடியும் அமுக்கும், அந்த நடுக் குழாய்தான் ஒரிஜினல் இண்டர்கூலர். கார்ல டர்போ ஒண்ணே ஒண்ணுதான், அதுக்குப் பின்னாடி மாட்டறோம், அதனாலதான் பெரிய டீசல் என்ஜின் பண்றவங்க ஆஃப்டர்கூலர்ம்பாங்க, சிலர் சார்ஜ் ஏர் கூலர்ம்பாங்க. ஒரே சாமானுக்கு இங்கிலீஷ்லயே மூணு பேரு. நாம ஏன் அதுல ஒண்ணைப் புடிச்சுத் தொங்கணும்?

ஒரு யோசனை, பேரை வாக்கியத்துல போட்டு ஓட்டிப் பாருங்க. வேலை சொல்றப்ப இடிக்குதா இல்லியான்னு தெரிஞ்சுடும்.

⁂

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி.

ஐயா, இடைக்கு நீங்க சொன்ன நியாயத்தை ஏத்துக்கறேன். ஆனா அது எங்க இருக்குங்கிறதை மட்டும்தான் சொல்லுது, எதை ஆத்துதுன்னு சொல்லல, மாட்டறவனுக்கு அதுதான் வேணும். அதனால டயர் கடைக் கம்ப்ரசர்ல ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல இருக்கறதுக்கு ‘இடையாற்றி’யை வெச்சுடலாம், உங்க சொல்லு வீணாகாது, பொருத்தமான எடத்துக்குப் போகுது. வளி-வலி குழப்பத்துக்கு எங்கிட்ட ஒரு பதில்தான் இருக்கு: வளிமண்டலம்னு பாடப் புத்தகத்துல எல்லாரும் படிச்சுட்டோம், அதை யாரும் வலிமண்டலம்னு புரிஞ்சுக்கல. வண்டிப் பேச்சுல வர்றப்ப வளியாற்றியும் நிக்கும்னு நம்பறேன்.

தம்பி சொன்ன சோதனை எனக்குப் புடிச்சிருந்தது. என் குறிப்புல இருந்து ஒரு துண்டை எடுத்துப் போடறேன், எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க.

“வளியாற்றியை முன் பம்பருக்குள்ள, ஏசி கன்டென்சருக்கு முன்னாடி வெக்கணும், ரெண்டுக்கும் நடுவுல விரல் போற எடைவெளி விடுங்க, ஒண்ணோட ஒண்ணு உரசினா ஓட்டையாகிடும். ரொம்பப் பெரிய வளியாற்றி வாங்கி மூஞ்சி பூரா மறைச்சிடாதீங்க, பின்னாடி இருக்கற நீராற்றிக்கும் காத்து போகணும், மாட்டின பிறகு ஒரு நீளமான ஏத்தம் ஏறி டெம்பரேச்சர் முள்ளைக் கவனிங்க. அலுமினியக் குழாயை அறுத்த பிறகு உள்ள இருக்கற பிசிறு, தூள் எல்லாத்தையும் மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவிக் காய வெச்சுட்டுத்தான் மாட்டணும், ஒரு துளி அலுமினியத் தூள் உள்ள போனாலும் அது நேரா சிலிண்டருக்குத்தான் போகும். குழாய் நுனியில வளையம் மாதிரி மேடு தட்டியிருக்கணும், வழவழன்னு விட்டா பூஸ்ட் ஏறுறப்ப ஹோஸ் கழண்டுக்கும். ரேடியேட்டர் ஹோஸை இங்க போடக் கூடாது, டர்போ காத்தோட வர்ற எண்ணெய்ப் பிசுக்கும் சூடும் ரப்பரை உப்ப வெச்சுடும், துணி வெச்ச சிலிக்கான் ஹோஸ் போடுங்க. என்ஜின் அதைத் தாங்கற மவுண்ட்ல ஆடும், வளியாற்றி பாடியில அசையாம இருக்கும், அந்த ஆட்டத்தை ஹோஸ்தான் வாங்கிக்கணும், அதனால ரெண்டு குழாயையும் முட்ட வெச்சு இறுக்காதீங்க.

கடைசியா கசிவு பாக்கணும். டர்போ காத்து இழுக்கற வாயை அடைச்சு, வால்வு வெச்ச மூடி போட்டு, கம்ப்ரசர்ல இருந்து மெதுவா காத்து விட்டு 1 பாருக்கு மேல போகாமப் பாத்துக்கிட்டு, எல்லா மூட்டுலயும் சோப்புத் தண்ணி தடவுங்க. நுரை வந்தா அங்க கசிவு. கசிவோட ஓட்டினா இழுவை குறையும், டீசல் வண்டி கரும்புகை விடும், வளியாற்றி மாட்டினதே வீண்னு தோணும்.”

நான் படிச்ச வரைக்கும் இடிக்கல. ‘வளியாற்றிக்கு’, ‘வளியாற்றியை’, ‘வளியாற்றிக்குள்ள’ன்னு வேற்றுமை உருபு ஒட்டறப்ப வாய்ல நல்லாவே புழங்குது. ‘இடைக்குளிர்விப்பானுக்குள்ள’ன்னு அதே எடத்துல போட்டுப் பாருங்க, வாக்கியம் மூச்சு வாங்குது.

இன்னொண்ணையும் குறிப்புல சேத்திருக்கேன், ஏன்னா மாட்டின உடனே வண்டி பறக்கும்னு நெனச்சு நெறைய பேர் இதுல எறங்கறாங்க. 125 டிகிரி காத்தை 45-க்கு ஆத்தினா அடர்த்தி கால் பங்கு கூடும், வளியாற்றிக்குள்ள கொஞ்சம் அழுத்தம் விழறதைக் கழிச்சாலும் அஞ்சுல ஒரு பங்கு கிட்ட நிக்கும். ஆனா டீசல் என்ஜின்ல எரிபொருளோட அளவுதான் சக்தியைத் தீர்மானிக்குது, அது பழைய அளவுலயே இருந்தா சக்தி பெருசா ஏறாது. புகை குறையும், எக்ஸாஸ்ட் சூடு எறங்கும், ஏத்தத்துல டர்போவும் பிஸ்டனும் அவ்வளவு வேகாது. மலையில ஓட்டறவங்களுக்கு அதுவே பெரிய லாபம்னு நான் நெனக்கறேன்.

பட்டியல்ல இப்படிப் போடலாமா பாருங்க: வளியாற்றி – டர்போ அமுக்கிச் சூடாக்கின வளியை என்ஜினுக்குள்ள விடறதுக்கு முன்னாடி வெளிக்காத்தாலயோ தண்ணியாலயோ ஆற்றும் கருவி. தண்ணியால ஆத்துற வகையும் இருக்கறதால அதையும் சேத்துட்டேன். ஐயா இதுல இலக்கணம் மட்டும் ஒரு தரம் பாத்துக் குடுங்க. தம்பி, டர்போ பூஸ்ட்டுக்கு ‘மிகையழுத்தம்’னு எழுதலாமா, இல்ல பட்டறையில வேற ஏதாச்சும் சொல்றீங்களான்னு கேட்டுச் சொல்லுங்க, அடுத்த பத்தி அங்கதான் நிக்குது.