லெசோத்தோ: நடையும் மட்டக்குதிரையும்

செந்தூல்வாசி: ஜூலையில் மாலேயாலேயாவிலிருந்து செமோங்கோங் வரை மட்டக்குதிரையில் போகலாம்னு திட்டம். குதிரை பழக்கமே இல்லை. எதைக் கவனிக்கணும்?

பட்டர்வொர்த்: ஜூலை அங்கே கடுங்குளிர் தம்பி. நாட்டின் ஆகத் தாழ்ந்த இடமே சுமார் 1,400 மீட்டர். நம்ம பினாங்குக் கொடிமலை 833தான். ராத்திரி தண்ணீர் உறையும். ஏப்ரலுக்கு மாத்துங்க. டிசம்பர், ஜனவரியும் வேண்டாம், பிற்பகல்ல இடிமின்னல். ஜீன்ஸ் போடாதீங்க, தையல் உரசி தொடை புண்ணாகிடும்.

பிரிக்பீல்ட்ஸ்: முக்கியமானது சேணவார், அதாவது சேணத்தைக் குதிரை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் பட்டை. இறுக்கும்போது சில குதிரை வயிற்றை உப்பிக்கும். பத்து நிமிஷம் நடந்ததும் வார் தளர்ந்து சேணம் சரியும். அப்போ இறங்கி மறுபடி இறுக்கணும். அங்கவடியில் (கால் வைக்கும் வளையம்) முன்பாதம் மட்டும், குதிகால் கீழே. அகலமான பூட்ஸ் சிக்கினா, விழும்போது குதிரை இழுத்துட்டுப் போயிடும். இறக்கத்தில் கடிவாளத்தைத் தளர்த்துங்க. தலையைத் தாழ்த்தி, கல் பார்த்து அதுவே கால் வைக்கும். இழுத்துப் பிடிச்சா தடுமாறும். ரொம்பச் செங்குத்துன்னா இறங்கி நடங்க, பாவம் அதன் முதுகு.

செந்தூல்வாசி: நன்றிண்ணே. பணம்?

பட்டர்வொர்த்: தென்னாப்பிரிக்க ரேண்டே செல்லும், லெசோத்தோ நாணயமான லோட்டிக்குச் சம மதிப்பு. கிராமத்துக்குச் சின்ன நோட்டா வச்சுக்குங்க. மிச்ச லோட்டியை எல்லை தாண்டுமுன் செலவழிச்சிடுங்க. செமோங்கோங்கில் மலெட்சுன்யானே அருவிக்கு அரைநாள் ஒதுக்குங்க, 192 மீட்டர் ஒரே வீழ்ச்சி.