பால்கன் வரலாறு: எதிலிருந்து தொடங்கி, எந்த வரிசையில் படிப்பது?

அந்திவாசகன் கேட்டது:

வணக்கம். யூகோஸ்லாவியா உடைந்ததைப் பற்றிய கட்டுரைகள் நிறையப் படித்தாயிற்று. 1991, 1992, 1995 என்று ஆண்டுகள்கூட மனப்பாடம். ஆனால் அடிப்படையான ஒரு கேள்வி இன்னும் தீரவில்லை. செர்பியர், குரோஷியர், போஸ்னியாக்குகள் மூவரும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிக்கொள்ள முடிகிறது. பிறகு எதை வைத்து மூன்று தேசிய இனம்? மாசிடோனியா பக்கம் போனால் இன்னும் சிக்கல். ஒரே ஊருக்கு நான்கு பெயர். ஒரே தலைவரை இரண்டு நாடுகள் சொந்தம் கொண்டாடுகின்றன. ஆங்கிலத்தில் கிடைக்கும் நூல்கள் போதும். எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது, எந்த இடத்தில் உஷாராக இருப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாவல்களும் சேரலாம்.

கல்லெழுத்து:

நமக்கு மொழிதான் இனம். 1956இல் மாநிலங்களைப் பிரித்ததே மொழியை வைத்துத்தான். அந்தப் பழக்கத்தோடு பால்கனுக்குள் நுழைந்தால் முதல் அத்தியாயத்திலேயே கால் இடறும். அங்கே பெரும்பாலான இடங்களில் கோடு விழுந்தது மதத்தின் வழியே. மொழிக்குத் தனிப்பெயர் வைத்ததெல்லாம் அதற்குப் பிந்திய வேலை.

பால்கனை நூற்றாண்டுகளாக ஆண்ட ஓட்டோமான் (துருக்கிய) அரசு தன் குடிகளை மில்லத் என்ற சமயக் குழுக்களாகப் பிரித்து வைத்திருந்தது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் வீட்டில் கிரேக்கம் பேசினாலும், ஸ்லாவிய மொழி பேசினாலும், துருக்கியே பேசினாலும் "ரூம்" மில்லத்தில்தான் வருவார். கல்யாணம், வாரிசுரிமை, பள்ளிக்கூடம் எல்லாம் திருச்சபை கையில். 1870இல் சுல்தானின் ஆணை பல்கேரியருக்குத் தனித் திருச்சபையை அனுமதித்தது. அந்த ஆணையின் பத்தாம் பிரிவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வட்டாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்த்தடாக்ஸ் மக்கள் விரும்பினால் அங்கே இருப்பவர்கள் புதிய சபைக்கு மாறிக்கொள்ளலாம். அதன் பிறகு மாசிடோனியக் கிராமங்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாக்கு ஆகிவிட்டது. ஏதென்ஸும் சோஃபியாவும் பெல்கிரேடும் முதலில் ஆசிரியர்களை அனுப்பின, பிறகு பாதிரியார்களை, கடைசியில் துப்பாக்கிக் குழுக்களை.

இதைச் சுருக்கமாகவும் நேர்மையாகவும் சொல்லும் நூல் மார்க் மசோவரின் 'தி பால்கன்ஸ்'. சிறிய புத்தகம், ஒரு வாரம் போதும். 'தேசத்துக்கு முன்' என்ற அத்தியாயத்தை இரண்டு தடவை படியுங்கள். மாசிடோனிய விவசாயிகளிடம் பிரசாரகர்கள் போய் "நீங்கள் கிரேக்கரா, பல்கேரியரா?" என்று கேட்க, அவர்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு "நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்று பதில் சொன்ன இடம் அதில் வருகிறது. உங்கள் கேள்விக்கான சாவி அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, புரூஸ் கிளார்க்கின் 'ட்வைஸ் எ ஸ்ட்ரேஞ்சர்'. 1923இல் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்கள்தொகையைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. சுமார் 12 லட்சம் பேர் கிரேக்கத்துக்கு, சுமார் 4 லட்சம் பேர் துருக்கிக்கு. "யார் கிரேக்கர்?" என்பதைத் தீர்மானித்தது மதம் மட்டுமே. துருக்கி மட்டுமே தெரிந்த கரமன்லி கிறிஸ்தவர்களை அனடோலியாவிலிருந்து கிளப்பி கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். இவர்கள் துருக்கி மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதி வந்தவர்கள். கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்குக் கப்பல் ஏறினார்கள். போய் இறங்கிய ஊரில் இரு சாராருக்குமே பேச்சு புரியவில்லை. இந்த ஒரு நிகழ்வு மனதில் பதிந்துவிட்டால் போஸ்னியா தானாகப் புரியும்.

1991க்குப் பிந்தியதற்கு லாரா சில்பர், ஆலன் லிட்டில் இருவரும் எழுதிய 'தி டெத் ஆஃப் யூகோஸ்லாவியா'. முடிவெடுத்த தலைவர்களிடமே நேரில் பேட்டி எடுத்து, யார் எந்தக் கூட்டத்தில் என்ன செய்தார் என்று படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். போஸ்னியாவுக்கென்று தனியாக வேண்டுமானால் நோயல் மால்கமின் 'போஸ்னியா: எ ஷார்ட் ஹிஸ்டரி' (1994). போர் நடந்துகொண்டிருந்தபோதே வந்த நூல். போஸ்னியாவுக்கென்று ஒரு தொடர்ச்சியான வரலாறு உண்டு என்று நிறுவும் வேகம் அதில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

தள்ளிவைக்க வேண்டியவை இரண்டு. ராபர்ட் கப்லனின் 'பால்கன் கோஸ்ட்ஸ்' (1993) எல்லாவற்றையும் பூர்வகாலப் பகையில் கொண்டுபோய்க் கட்டுகிறது. அதைப் படித்துத்தான் கிளின்டன் போஸ்னியாவில் தலையிடத் தயங்கினார் என்று அப்போதே செய்திகள் வந்தன. ரெபெக்கா வெஸ்டின் 'பிளாக் லாம்ப் அண்ட் கிரே ஃபால்கன்' (1941) ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். உரைநடைக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் செர்பியர் மீது அவருக்குள்ள சாய்வு ஒவ்வொரு நகரத்திலும் தெரியும். முதல் புத்தகமாக அதை எடுத்தவர்கள் அந்தக் கண்ணாடியைக் கழற்றப் பல வருஷம் ஆகும். மரியா தொதொரோவாவின் 'இமேஜினிங் தி பால்கன்ஸ்' (1997) படித்துவிட்டு இவற்றுக்கு வந்தால் பாதகமில்லை.

ஆற்றங்கரை:

கல்லெழுத்து சொன்ன வரிசையில் மசோவருக்கு அடுத்தே ஒரு நாவலை நுழைப்பேன்: இவோ ஆந்ரிச்சின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ட்ரினா'. பெல்கிரேடு ஜெர்மன் பிடியில் இருந்த நாட்களில் எழுதி 1945இல் வெளியிட்டார். 1961இல் நோபல் பரிசு.

பாலம் நிஜம். விஷேகிராடில் இருக்கிறது. கட்டியது 1570களில், கட்டடக்கலைஞர் சினான், 11 வளைவுகள். கட்டச் சொன்னவர் மெஹ்மத் பாஷா சொகொலோவிச். சிறுவனாக இருந்தபோது தேவ்ஷிர்மே என்ற "குழந்தை வரி"யில் போஸ்னியக் கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து பிடித்துக்கொண்டுபோய், முஸ்லிமாக்கி, கடைசியில் பேரரசின் தலைமை அமைச்சராக ஆனவர். 1557இல் பெச் நகரத்துச் செர்பியத் திருச்சபைத் தலைமையை மறுபடி நிறுவியபோது அந்தப் பீடத்தில் அமர்ந்த மகாரியே இவருக்கு உறவினர். ஒரே குடும்பத்தில் ஒருவர் சுல்தானின் வசீர், இன்னொருவர் செர்பியத் திருச்சபையின் தலைவர். "முந்நூறு தலைமுறைப் பகை" என்று யாராவது ஆரம்பித்தால் இந்தக் குடும்பத்தை எடுத்துக் காட்டுங்கள்.

நாவலைப் படிக்கும்போது கபியா என்ற இடத்தைக் கண்ணை எடுக்காமல் கவனியுங்கள். பாலத்தின் நடுவில் இரண்டு பக்கமும் அகன்று நிற்கும் கல்மேடை அது. ஒரு பக்கம் கல் ஆசனம். எதிர்ப்பக்கம் அணையாத கரி அடுப்பும் செம்புப் பாத்திரங்களுமாகக் காபிக்காரர். அந்த நாலு முழ இடத்தில்தான் முஸ்லிமும் செர்பியரும் யூதரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதே மேடையில்தான் வெட்டிய தலைகளை வைக்கிறார்கள், அறிவிப்புகளை ஒட்டுகிறார்கள், 1914இல் வெடிமருந்து வெடிப்பதும் அந்தப் பாலத்தில்தான். ஆட்சி மாறும் ஒவ்வொரு தடவையும் கபியாவில் யார் உட்கார முடிகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால் நாலு நூற்றாண்டு வரலாறு கையில் வந்துவிடும்.

உஷாராக இருக்க வேண்டிய இடமும் உண்டு. முஸ்லிம் ஆட்சியை ஆந்ரிச் வெறும் இருளாகவே பார்த்தார் என்று போஸ்னியாக் விமரிசகர்கள் பலர் சொல்கிறார்கள். கழுவேற்றும் காட்சியை வைத்து அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறார்கள். அது நாவல், ஆவணம் அல்ல. 1992இல் விஷேகிராடில் பாலத்திலும் ஆற்றங்கரையிலும் போஸ்னியாக்குகள் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஆவணம், யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயத்தின் தீர்ப்புகள். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நாவலை முடித்த கையோடு அவற்றின் பின்னணிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஆந்ரிச் யாருடைய எழுத்தாளர் என்ற சண்டையும் ஒரு பாடம்தான். பிறப்பு போஸ்னியாவில், பெற்றோர் கத்தோலிக்கக் குரோஷியர், எழுதியது செர்பிய வழக்கில், வாழ்ந்தது பெல்கிரேடில். மூன்று இலக்கியங்களும் அவரைப் பாடத்தில் வைக்கின்றன. 'டெத் அண்ட் தி டெர்விஷ்' (1966) எழுதிய மெஷா செலிமொவிச் கதை இன்னும் கூர்மை. தூஸ்லாவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், தன் தேசிய இனம் செர்பியர் என்று 1976இல் எழுத்திலேயே கொடுத்தார்.

அந்திவாசகன்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். பழைய யூகோஸ்லாவியக் கணக்கெடுப்பு அட்டவணைகளில் செர்பியர், குரோஷியர் என்ற வரிசையிலேயே "முஸ்லிம்" என்றும் இருக்கிறது. மதத்தை இனத்தோடு சேர்த்துக் குழப்பிவிட்டார்களா? போஸ்னியர், போஸ்னியாக் இரண்டும் ஒன்றா?

கல்லெழுத்து:

குழப்பவில்லை, வேண்டுமென்றே வைத்த பெயர். செர்போ-குரோஷிய மொழியில் சிறிய "எம்" போட்டு எழுதினால் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர். பெரிய "எம்" போட்டால் தேசிய இனம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதால் நம் கட்டுரைகளில் இந்த வேறுபாடு முழுசாகக் காணாமல் போய்விடுகிறது. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக, நாத்திகராக இருந்துகொண்டே ஒருவர் பெரிய எழுத்து முஸ்லிமாகப் பதியலாம். கொசொவோவில் தினம் ஐந்து வேளை தொழும் அல்பேனியரோ அல்பேனியர் என்றுதான் பதிவார்.

1948 கணக்கெடுப்பில் "எந்தப் பக்கமும் சேராத முஸ்லிம்" என்று ஒரு கட்டம் இருந்தது. 1971இல்தான் முழுத் தேசிய இனமாக அட்டவணையில் ஏறினார்கள். 1993 செப்டம்பரில், முற்றுகைக்குள் இருந்த சரயேவோவில் கூடி போஸ்னியாக் என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். போஸ்னியர் என்றால் போஸ்னியாவில் வாழும் எவரும். போஸ்னியாக் என்பது இந்த இனம் மட்டும்.

1991 கணக்கெடுப்பில் போஸ்னியாவில் முஸ்லிம் 43.5 சதவீதம், செர்பியர் 31.2, குரோஷியர் 17.4. மீதியில் 5.5 சதவீதம் பேர் "யூகோஸ்லாவ்" என்று எழுதிக் கொடுத்தவர்கள். கலப்பு மணக் குடும்பங்கள் பல இதில் வரும். இவர்களுக்குப் பின்னால் என்ன ஆனது என்று எந்த நூலில் தேடினாலும், 1995இல் போஸ்னியப் போரை முடித்த டேட்டன் உடன்படிக்கையின் "மற்றவர்கள்" என்ற சொல்லில் போய் முட்டுவீர்கள். அந்த அரசியல் சட்டப்படி மூன்று குடியரசுத் தலைவர்களில் ஒருவர் போஸ்னியாக், ஒருவர் குரோஷியர், ஒருவர் செர்பியர். வேறு யாரும் நிற்க முடியாது. ரோமா சமூகத்தவரான செய்திச், யூதரான ஃபின்சி இருவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 2009 டிசம்பரில் வென்றார்கள். இந்தத் தீர்ப்பு எந்த நூலையும்விட எளிதாகப் படிக்கும்படி இருக்கிறது.

பழைய வரைபடம்:

மாசிடோனியாவைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. இதற்கு வரைபடம் இல்லாமல் உட்காரவே கூடாது. குறைந்தது நான்கு: 1878இல் சான் ஸ்டெஃபானோ ஒப்பந்தம் வரைந்த பெரிய பல்கேரியா, சில மாதத்திலேயே பெர்லின் மாநாடு அதை வெட்டிச் சுருக்கியது, பால்கன் போர்களுக்குப் பின் மாசிடோனியாவைக் கிரேக்கம், செர்பியா, பல்கேரியா பிரித்துக்கொண்ட 1913 புக்கரெஸ்ட் பங்கீடு, 1945 யூகோஸ்லாவியா. முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல்கேரியப் பாடநூல்களில் ஓடும் இழப்புணர்வு முழுக்க அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறது.

பெயர்களுக்கு ஒரு தாளில் பட்டியல் போட்டு நூலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தெசலோனிக்கி, செலானிக், சோலுன் மூன்றும் ஒரே ஊர். பிதோலாதான் மொனாஸ்திர். ஸ்கோப்யேதான் உஸ்குப், அன்னை தெரசா 1910இல் பிறந்தது அங்கேதான். ஆசிரியர் எந்தப் பெயரை எடுக்கிறார் என்பதிலேயே அவர் எங்கே நிற்கிறார் என்று பாதி தெரிந்துவிடும். உச்சரிப்பிலும் ஒரு சின்ன விஷயம்: யூகோஸ்லாவிய லத்தீன் எழுத்தில் "சி" என்பது "ட்ஸ", "ஜே" என்பது "ய". ஸ்ரெப்ரெனிட்சா என்பதை ஸ்ரெப்ரெனிகா என்று எழுதுவது இதனால் வரும் பிழை.

நூல் என்றால் அனஸ்தாசியா கரகசிதூவின் 'ஃபீல்ட்ஸ் ஆஃப் வீட், ஹில்ஸ் ஆஃப் பிளட்' (1997). தெசலோனிக்கிக்கு அருகில் ஒரே ஒரு கிராமத்தை எடுத்து, ஸ்லாவிய மொழி பேசியவர்களின் பிள்ளைகள் எப்படிக் கிரேக்கரானார்கள் என்று நிலப்பத்திரம், திருமணம், சந்தை வழியாகக் காட்டுகிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் இதை வெளியிட மறுத்து, பிறகு சிகாகோ வெளியிட்டது. ஒரு கிராமத்தின் கதைக்கு அவ்வளவு எதிர்ப்பு.

நீங்கள் கேட்ட "இரண்டு நாடு சொந்தம் கொண்டாடும் தலைவர்" கோத்ஸே தெல்செவ் என்று நினைக்கிறேன், ஓட்டோமான் ஆட்சியை எதிர்த்த புரட்சியாளர். 1872இல் இன்றைய கிரேக்கத்தின் கில்கிஸில் பிறந்து 1903 மே மாதம் சண்டையில் இறந்தார். எலும்புகள் சோஃபியாவில் இருந்தன. 1946இல் ஸ்கோப்யேவுக்குக் கொடுத்தார்கள். இன்று பல்கேரியாவிலும் அவர் பெயரில் ஒரு ஊர், வடக்கு மாசிடோனியாவிலும் ஒரு ஊர். அவரை எப்படிப் பாடநூலில் எழுதுவது என்று இரு நாட்டு வரலாற்றுக் குழு உட்கார்ந்தும் முடியவில்லை. 2020 நவம்பரில் வடக்கு மாசிடோனியாவின் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தையைப் பல்கேரியா தடுத்தபோது இந்த விவகாரமும் மேசையில் இருந்தது. அவர் "பல்கேரியர்" என்று தன்னைச் சொன்ன கடிதங்களும் உண்டு, மாசிடோனியாவுக்குத் தன்னாட்சி கேட்டுப் போராடியதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டும் நூலைக் கண்டால் மூடிவிடலாம்.

ஆற்றங்கரை:

அல்பேனியாவை விட்டுவிட்டோம். மதத்தைத் தாண்டி மொழியால் இனமானவர்கள் அவர்கள், அதனால் நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். முஸ்லிம், ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர் மூவரும் அரபு, கிரேக்கம், லத்தீன் என்று ஆளுக்கொரு எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1908 நவம்பரில் மொனாஸ்திர் மாநாட்டில் கூடி லத்தீன் எழுத்தை வைத்துக்கொண்டார்கள். நான்கு வருஷத்தில் சுதந்திர நாடு. இஸ்மாயில் கடாரேயின் 'புரோக்கன் ஏப்ரல்' மூலம் உள்ளே போங்கள். வட அல்பேனிய மலையில் பழிக்குப் பழி வாங்கிய இளைஞனுக்குக் கானூன் என்ற மலைவாழ் மக்களின் வழக்குச் சட்டம் கொடுக்கும் முப்பது நாள் தவணைதான் கதை. மார்ச் 17இல் தொடங்கி ஏப்ரல் 17இல் முடிகிறது. இரண்டே நாளில் படித்துவிடலாம், ஆனால் மசோவரை முடித்த பிறகு. முதலிலேயே எடுத்தால் அல்பேனியர் எல்லோரும் மலைமேல் துப்பாக்கியோடு நிற்பவர்கள் என்று மனதில் தங்கிவிடும்.