பேட்டி கேக்ஸ்: வரி யாருது, வலி யாருது?

உப்பனாறு (கடலூர்):
'பேட்டி கேக்ஸ்' (Patti Cake$)ங்கிற இங்கிலீஷ் படத்தைப் பத்தி நேத்து வில்லியனூர் தம்பி ஒண்ணு எழுதியிருந்தாரு. "பாட்டெல்லாம் டைரக்டர் எழுதினது, பாடினவ ஆஸ்திரேலியாக்காரி, இது ராப் படமே இல்ல"ன்னு. படிச்சதுல இருந்து எரியுது. நியூஜெர்சில ஒரு பொண்ணு. பார்ல சரக்கு ஊத்திக் குடுக்குறா, கேட்டரிங் வேலைக்கும் போறா. பாட்டியோட ஆஸ்பத்திரிக் கடனைக் கேட்டு போன் வந்துகிட்டே இருக்கு. குடிச்சிட்டு வாந்தியெடுக்குற அம்மாவைத் தாங்கிப் பிடிக்கணும். இத்தனைக்கும் நடுவுல நோட்டுல வரி எழுதுறா. இதுல உங்க கண்ணுல பட்டது நடிகையோட பாஸ்போர்ட் மட்டும்தானா?

வில்லியனூர் வரி:
ஆமா, அது மட்டும்தான். அந்தப் பொண்ணா நடிச்ச டேனியல் மெக்டொனால்ட் அதுக்கு முன்னாடி ராப் பண்ணதே இல்ல. வரி எல்லாம் டைரக்டர் ஜெரமி ஜாஸ்பர். 'எய்ட் மைல்' படத்துல ராப்பர் எமினெம் தானே எழுதி தானே பாடி ஆஸ்கர் வாங்கினாரு. சொந்த வரி இல்லாதவன் ராப்பர் இல்ல.

உப்பனாறு:
அந்த ஆஸ்கர் மூணு பேருக்கு, தம்பி. எமினெம், ஜெஃப் பாஸ், லூயிஸ் ரெஸ்டோ. 2003 விழாவுக்கு எமினெம் போகவே இல்ல, ரெஸ்டோதான் மேடையேறி வாங்கினாரு. தெரிஞ்சுகிட்டுப் பேசுங்க.

வில்லியனூர் வரி:
மத்தவங்க ரெண்டு பேரும் மெட்டு. வரி எமினெம்தான். நான் கேட்டது வரி.

சிங்காரத்தோப்பு:
அந்த ஜெரி கேரக்டரை யாரும் பேசலையே? மருந்துக்கடையில வேலை பாக்குற நண்பன். சித்தார்த் தனஞ்சய் நடிச்சது. அவன்தான் அவளைப் பாடு பாடுன்னு உசுப்பிகிட்டே இருப்பான். எனக்கு அவனைத்தான் பிடிச்சது.

வில்லியனூர் வரி:
அவன் பாடின வரியும் சொந்தம் இல்ல.

உப்பனாறு:
பட்டுக்கோட்டையார் எழுதி, டி.எம்.எஸ். பாடி, எம்.ஜி.ஆர். வாயசைச்ச பாட்டைக் கேட்டுத்தான் எங்கப்பா மூட்டை தூக்கினாரு. எழுதினவர் யாருன்னு விசாரிச்சுட்டா அழுதாரு? நான் கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறுறவ. அந்தப் பொண்ணு யூனிஃபார்ம் போட்டுகிட்டு தட்டு தூக்குற சீனைப் பாத்தப்ப எனக்குத் தோள் வலிச்சுது. அது பொய்னு சொல்ல நீங்க யாரு?

வில்லியனூர் வரி:
அது சினிமாப் பாட்டு, இது ராப். ரெண்டும் வேற. வலி உங்களுது, வரி அவளுது இல்ல.

மில் பேரன் (முதலியார்பேட்டை):
1936 ஜூலை 30, இதே புதுச்சேரில மில் தொழிலாளிங்க மேல பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் இங்க 8 மணி நேர வேலை வந்துச்சு. அதைப் பாட இங்க ஒரு ராப்பர் இல்ல. நியூஜெர்சிக்கு வக்காலத்து வாங்க மட்டும் வந்துடுறீங்க.

உப்பனாறு:
தோழர், எந்தப் பேச்சை எடுத்தாலும் 1936தானா? எங்க சிப்காட் காண்ட்ராக்ட் ஆளுங்க உங்க கணக்குல தொழிலாளியே இல்லையா? மில்லு மூடியாச்சு, பெருமை மட்டும் இன்னும் மூணு ஷிஃப்ட் ஓடுது.

மில் பேரன்:
ஏஎஃப்டி மில் வாசல்ல நின்னு அழுத குடும்பம் எங்களுது. கடலூர்க்காரங்ககிட்ட பாடம் கேக்கணும்னு தலையெழுத்து இல்ல.

வில்லியனூர் வரி:
அக்காவுக்கு என் மேல கோபம் ஏன்னு எனக்குத் தெரியும். பொங்கலுக்கு நான் ராப் பாட மேடையேறினப்ப பாதியில எழுந்து போனவங்கதானே?

உப்பனாறு:
போனேன். வேற யாரோ போட்ட பீட்டை, அதான் பின்னணித் தாளத்தை, எடுத்துகிட்டு மேடையில நின்னீங்க. சொந்தம், சொந்தம்னு இங்க வந்து முழங்குறீங்க.

வில்லியனூர் வரி:
பீட்தான் வெளியில எடுத்தது. வரி என்னுது. இன்னொரு தடவை சொல்றேன், வரி என்னுது.

சிங்காரத்தோப்பு:
ரெண்டு பேரும் படத்தை விட்டு எங்கேயோ போயிட்டீங்க.

உப்பனாறு:
நான் படத்துலயேதான் நிக்கிறேன். கல்லறைக்குப் பக்கத்துக் கொட்டகையில ரெக்கார்டிங். சக்கர நாற்காலில பாட்டியைக் கூட்டிட்டுப் போய் அதோட கரகரத்த குரலையும் பாட்டுல சேர்ப்பாங்க. குழுவுக்கு வெச்ச பேர்லயே பாட்டிக்கும் ஒரு எழுத்து உண்டு. அந்த இடத்துல யார் எழுதினாங்கன்னு கேக்குறவனுக்கு வீட்டுல பாட்டியே இருந்திருக்காது.

வில்லியனூர் வரி:
என் பாட்டியை இழுக்காதீங்க. அதுவும் ஜாஸ்பர் எழுதினதுதான்.

மில் பேரன்:
1936க்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.