பதில்: ஈஆர்பி இம்ப்ளிமெண்டேஷன் - தமிழ்ல என்ன வெக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். ஈஆர்பின்னா கம்பெனியோட ஸ்டாக், பில்லு, கணக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்குற சாஃப்ட்வேர். அதை ஒரு கம்பெனில கொண்டுவந்து ஓட வைக்கிற வேலைக்கு பேரு இம்ப்ளிமெண்டேஷன், அதுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்னு தான் இந்த இழை.

> 'அமலாக்கம்' போதுமே, அரசு ஆவணங்கள்லயே இருக்கே, புதுசா எதுக்கு?

ஐயா, சட்டத்துக்கு அது சரி. வியாசர்பாடி எஸ்டேட்ல ஒரு லேத் பட்டறை ஓனர்கிட்ட போய் "அடுத்த மாசம் உங்க கம்பெனில அமலாக்கம்"னு சொல்லிப் பாருங்க, மனுஷன் மொதல்ல ஆடிட்டருக்கு தான் போன் போடுவாரு. பேப்பர்ல அந்த வார்த்தை ரெய்டு செய்தியோட தான வருது. 'நிறுவல்' ஏற்கனவே இன்ஸ்டாலேஷனுக்கு போயிடுச்சு. 'செயல்படுத்தல்'னா ஆப்ஷனை ஆன் பண்றதுக்கும் அதே சொல்லுதான். 'நடைமுறைப்படுத்தல்' பொருள் பொருந்துது, ஆனா அதோட 'ஆலோசகர்', 'கட்டணம்'லாம் சேர்த்து எழுதினா கொட்டேஷன்ல ஒரு வரி பத்தாது.

என் பரிந்துரை 'புழக்கமாக்கல்'. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளும்.

நான் எருக்கஞ்சேரி, கொடுங்கையூர், மணலி பக்கம் சின்ன கம்பெனிங்களுக்கு இந்த சாஃப்ட்வேர் போட்டுக் குடுக்கிறவன். ஏத்துறது ஒரு மதியத்துல முடிஞ்சிரும், அதுக்கப்புறம் தான் ஆட்டமே. ஒரு பட்டறைல ஸ்டாக் லிஸ்ட் எடுக்க உக்காந்தோம். ஸ்டோர் பாக்குற அண்ணன் நோட்டுல ஒரு பக்கம் 'எட்டு நூல் ராடு'ன்னு இருக்கு, இன்னொரு பக்கம் 'ஒரு இஞ்சு பிரைட்', பர்ச்சேஸ் பில்லுல '25 எம்எம்'. எட்டு நூலும் ஒரு இஞ்சும் ஒண்ணு, 25.4 எம்எம். ஆனா 25 எம்எம் வேற ராடு, அண்ணன் கைல எடுத்தாலே சொல்லிருவாரு, கம்ப்யூட்டருக்கு யாரு சொல்றது? மூணையும் ஒரே ஐட்டமா போட்டா ஸ்டாக் தப்பு, மூணு ஐட்டமா போட்டாலும் தப்பு. அதோட வாங்குறது கிலோ கணக்கு, மிஷினுக்கு வெட்டிக் குடுக்கிறது மில்லிமீட்டர் கணக்கு. இரும்பு ராடோட விட்டத்தை எம்எம்ல எடுத்து அதாலயே பெருக்கி 162ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும், 25 எம்எம்முக்கு சுமார் 3.86 கிலோ, இதை ஐட்டத்துக்கு ஐட்டம் உள்ள போடணும், வெட்டும்போது போற பொடியும் கடைசி துண்டும் தனிக்கதை.

ஜாப் ஒர்க் மெட்டீரியல் வேற இருக்கு, அதாவது கூலிக்கு வேலை பண்ணித் தரச் சொல்லி வர்ற சரக்கு. கஸ்டமர் டிசி (டெலிவரி சலான்) போட்டு அனுப்புற சரக்கு நம்ம இடத்துல கிடக்கும், ஆனா நம்ம ஸ்டாக் கிடையாது, ஜிஎஸ்டி சட்டம் 143ஆவது பிரிவுப்படி ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி போயாகணும். எந்த டிசி சரக்கு எந்த மூலைல நிக்குதுன்னு அந்த அண்ணன் மண்டைல தான் இருக்கு. அவரு ஒருநாள் லீவு போட்டா டெலிவரி நிக்கும். இதெல்லாம் நோட்டுலேந்து ஸ்க்ரீனுக்கு மாறி, அவரும் நோட்டை மூடி பீரோல வெச்சாத்தான் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

இது வெறும் மொழி ஆசை இல்ல, காசு விஷயம். ஒரு வெண்டர் (பேர் வேணாம்) எனக்கு தெரிஞ்ச கம்பெனில சர்வர்ல ஏத்தி லாகின் குடுத்த அன்னிக்கே "இம்ப்ளிமெண்டேஷன் கம்ப்ளீட்டட்"னு கையெழுத்து வாங்கி முழு பணமும் வாங்கிட்டு போயிட்டாரு. அங்க இன்னும் பில்லு எக்ஸெல்ல தான். ஒப்பந்தத்துல 'புழக்கமாக்கல்'னு இருந்தா, புழங்கவே இல்லயே, எப்படி முடிஞ்சுதுன்னு ஓனரே கேட்டிருப்பாரு.

ஈஆர்பிக்கு 'நிறுவன வளத் திட்டமிடல்'னு சொல்றாங்களே, அதை நான் தொடல. 1990ல கார்ட்னர்ங்கிற ஆய்வு நிறுவனம் வெச்ச பேரு, அதுக்கு முன்னாடி இருந்த எம்ஆர்பிலேந்து (விலை இல்ல, மூலப்பொருள் தேவையைத் திட்டமிடுற முறை) வந்த வாலு. பத்து மிஷின் பட்டறைல வளத்தை எங்க திட்டமிடுறது, ஆர்டர் வந்தா ராடு வாங்குறது, அவ்ளோதான்.

---

> என் பரிந்துரை 'புழக்கமாக்கல்'

வணக்கம் தம்பி. சொல்லு நல்லா தான் இருக்கு, ஆனா ஒரு சிக்கல். நான் திருவொற்றியூர்ல ஒரு பேக்கிங் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். எங்க சாஃப்ட்வேர்ல கேஷ் ஃப்ளோவுக்கு 'பணப்புழக்கம்'னு தான் தமிழ்ல வருது. ரெண்டு புழக்கமும் ஒரே ஸ்க்ரீன்ல வந்தா எங்க பொண்ணுங்க கொழம்பிடுவாங்க. அப்புறம், நோட்டை மூடின அன்னிக்கு தான் முடிஞ்சுதுன்னா, நாங்க நோட்டுலயும் சாஃப்ட்வேர்லயும் சேர்த்து எழுதிக்கிட்டிருந்த மாசத்துக்கு என்ன பேரு?

---

அக்கா, நல்ல கேள்வி.

மொதல் சிக்கல் வராது. இம்ப்ளிமெண்டேஷன்னு மெனுல எங்கயும் பட்டன் கிடையாது, அது கொட்டேஷன், ஒப்பந்தம், இன்வாய்ஸ் இதுல தான் வரும், உங்க பொண்ணுங்க கண்ணுல படவே படாது. தவிர பணத்துக்கு 'ஃப்ளோ'ன்னா 'வரத்துபோக்கு'ன்னு மாத்தினா இன்னும் பொருத்தம், அத தனி இழைல பேசலாம்.

ரெண்டாவது, நீங்க சொல்ற அந்த நோட்டும் சாஃப்ட்வேரும் சேர்ந்து ஓடுற மாசம், இங்கிலீஷ்ல பேரலல் ரன். அதுக்கு 'இரட்டை எழுத்து'ன்னு பட்டறை ஆளுங்களே சொல்றாங்க, "இன்னாப்பா இது, ஒரே வேலைக்கு ரெட்ட எழுத்தா"ன்னு திட்டும்போது. நான் அப்படியே எடுத்துக்கிட்டேன். ரொம்ப இழுக்கக்கூடாது, இழுத்தா நோட்டு தான் ஜெயிக்கும்.

முடிஞ்சுதுன்னு எத வெச்சு சொல்றதுன்னா, நான் ஒப்பந்தத்துல இப்படி எழுதப்போறேன்: மாசாமாசம் 11ந் தேதிக்குள்ள போற ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), எக்ஸெல் தொடாம நேரா சாஃப்ட்வேர்லேந்து ஒரு தடவ போகணும், ஸ்டோர்ல எண்ணின ராடும் ஸ்க்ரீன்ல காட்டுற ராடும் ஒத்துப்போகணும். அது வரைக்கும் கடைசி தவணை கேக்கமாட்டேன்.

'ஐட்டம் மாஸ்டர்'க்கு, அதாவது ஒவ்வொரு பொருளோட பேரு, அளவு, விவரம்லாம் சாஃப்ட்வேர்ல இருக்கிற லிஸ்ட்டுக்கு, யாராவது சொல்லு குடுங்க. 'பொருள் பட்டியல்'னா விலைப்பட்டியல்னு நெனச்சுக்கிறாங்க. 'பொருட்பேரேடு'ன்னு ஒண்ணு மனசுல ஓடுது, ஆனா பேரேடுன்னா லெட்ஜர், அக்கா மறுபடி சண்டைக்கு வருவாங்க.